லைனில் இருப்பவரிடம் கேளுங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் கம்பெனி கேட்டில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ போர்டைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங், அயர்ன், பேக்கிங், கைமடிக்க ஆட்கள் என்று வரிசையாக எழுதி, கீழே செல்பேசி எண்ணும் போட்டிருக்கிறீர்கள். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு என்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் இந்தப் போர்டுகள்தாம். வெயிலில் வெளுத்துப்போனவை அவற்றில் பல. ஆள் சேர்ந்த பிறகும் நீங்கள் அதைக் கழற்றுவதில்லை. இந்த வாரம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் இருப்பார்கள் என்பதில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை.

சங்கக் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும் உங்களில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சு இதுதான்: “லேபர் கிடைக்கறதில்லீங்க. கிடைச்சாலும் நிக்க மாட்டேங்கறாங்க.” செக்கிங் டேபிளில் தொடங்கி, சூப்பர்வைசராகி, புரொடக்‌ஷன் மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சை உங்கள் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறேன். இதன் முதல் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்கள் வருகிறார்கள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து வருகிறார்கள். இரண்டாவது பாதி உண்மை. வந்தவர்கள் நிற்பதில்லை. நிற்பவர்களிலும் பலர் கையை மட்டும் கொடுத்துவிட்டு மனதை வெளியே வைத்திருக்கிறார்கள். ஏன் என்று நீங்கள் அவர்களிடம் கேட்டதில்லை.

உங்கள் கவலைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. நூல் விலை ஒரே மாதத்தில் ஏறும், உங்களால் நிறுத்த முடியாது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே திகைத்து நின்றது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்று அமல்படுத்தியபோது, கட்டிங் முடிந்த ஆர்டரைக்கூட நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் வந்த கம்பெனிகள் உண்டு. டாலரும் வரியும் பையரின் மனநிலையும் உங்கள் சொல் கேட்பவை அல்ல. உங்கள் கம்பெனிச் சுவருக்குள், முப்பது மெஷின் போட்ட ஒரு லைனில் நடப்பது மட்டும்தான் உங்கள் சொல் கேட்கும். அதைத்தான் நீங்கள் குறைவாகக் கவனிக்கிறீர்கள் என்பது என் குற்றச்சாட்டு.

உங்கள் காஸ்டிங் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். நூலுக்கு இவ்வளவு, நிட்டிங்குக்கு இவ்வளவு, சாயத்துக்கு, பிரிண்டிங்குக்கு, தையல் கூலிக்கு, லேபிளுக்கு, பாலிபேக்குக்கு என்று பைசா வரை போட்டிருப்பீர்கள். ஒரு டெய்லர் வேலையை விட்டு நின்றுவிட்டால் ஆகும் செலவுக்கு அதில் கட்டம் இருக்கிறதா? இல்லை. அது வேறு தலைப்புகளில் ஒளிந்துகொண்டு உங்கள் லாபத்தைத் தின்கிறது.

ஒரு சாதாரண டீ-ஷர்ட் லைனை எடுத்துக்கொள்வோம். நெக் ரிப் வைக்கும் பெண் சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போகிறார், திங்கட்கிழமை வரவில்லை. அவர் மணிக்கு நூறு கழுத்து வைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக உட்கார வைத்தவரால் அறுபதுதான் வைக்க முடிகிறது. அன்றிலிருந்து அந்த லைன் முழுவதுமே அறுபது பீஸ் லைன். பின்னால் இருக்கும் சைடு ஓவர்லாக்கும் பாட்டம் ஹெம்மும் பண்டில் வராமல் காத்திருக்கின்றன. சம்பளம் மட்டும் எல்லோருக்கும் ஓடுகிறது. டார்கெட் போர்டைப் பார்த்து சூப்பர்வைசர் கத்துகிறார். புதியவர் பதறிப்போய் வேகமாக இழுக்கிறார், ரிப் சுருங்குகிறது. செக்கிங்கில் பீஸ் திரும்புகிறது. ஆல்டர் கூடை நிரம்புகிறது. ஆல்டர் பண்ண எடுத்த நேரத்தில் அன்றைய உற்பத்தி இன்னும் விழுகிறது. டெலிவரி தேதி நெருங்குகிறது, இரவு ஷிப்ட் போடுகிறீர்கள், அசந்துபோன கைகள் இன்னும் டேமேஜ் போடுகின்றன. கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகிறது. அந்தக் கட்டணம் பையர் தலையில் விழாது, உங்கள் தலையில்தான் விழும். வருட முடிவில் ஆடிட்டர் இதை ‘சரக்குப் போக்குவரத்து’ என்ற தலைப்பில் எழுதிவிடுவார். நெக் ரிப் வைத்த பெண் ஏன் நின்றார் என்ற கேள்வி எந்தத் தலைப்பிலும் வராது.

நின்று போனவர்களால் வரும் நஷ்டம் இது. வேலையை விடாமல், வாயும் திறக்காமல் வேலை செய்பவர்களால் வரும் நஷ்டம் இதைவிடப் பெரியது. ஒரு லைனில் தப்பு நடந்தால் அதை முதலில் பார்ப்பவர் தரம் பார்க்கும் க்யூசி அல்ல, மெர்ச்சண்டைசர் அல்ல. துணி யார் விரல்களுக்கு நடுவே ஓடுகிறதோ அவர்தான். முன்பாகமும் பின்பாகமும் நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் அவருக்குத் தெரியும். ஊசி மழுங்கித் துணியில் ஓட்டை விழ ஆரம்பித்தால் சத்தத்திலேயே தெரியும். சைஸ் லேபிள் மாறி வந்திருந்தால் தெரியும்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டம் ஹெம் அடிக்கும் ஒரு பெண், பண்டிலில் முன்பாகமும் பின்பாகமும் வேறு வேறு ஷேடாக இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் காட்டினார். “உன் மெஷினைப் பாரு, ஷேடு பாக்கறதுக்கு ஆள் இருக்கு” என்று பதில் வந்தது. அவர் மெஷினைப் பார்த்தார். சரக்கு முழுக்க ஓடி, அயர்ன் ஆகி, பெட்டியில் ஏறியது. இறுதி ஆய்வில் பையரின் ஆள் ஒரு பெட்டியைத் திறந்தவுடன் மொத்தத்தையும் நிறுத்தினார். அன்று நாள் முழுக்க ஏசி அறையில் கூட்டம் நடந்தது. கட்டிங் மாஸ்டர், சாயப்பட்டறைக்காரர், மெர்ச்சண்டைசர், க்யூசி என்று எல்லோரையும் முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். சரக்கு லைனில் ஓடும்போதே சரியாகச் சொன்ன அந்த ஒருவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த முறை அவர் எதையாவது பார்த்தால் வந்து சொல்லியிருப்பார் என்று உங்களால் நம்ப முடிகிறதா? தொழிலாளியின் ஈடுபாடு என்று நான் சொல்வது இதைத்தான். பொங்கலுக்குக் கோலப்போட்டியும் ஆயுத பூஜைக்குப் பொரியும் இனிப்பும் நல்லவைதான், நிறுத்த வேண்டாம். ஆனால் பார்த்ததைச் சொல்லலாம், சொன்னால் மதிப்பு உண்டு என்ற நம்பிக்கை ஒருவருக்கு இருந்தால்தான் அவர் மனம் அந்தத் துணியில் இருக்கும்.

இதைச் சொன்னால் “இதெல்லாம் ஐடி கம்பெனிக்குச் சரிப்படும், பனியன் கம்பெனிக்கு ஒத்து வராதுங்க” என்பீர்கள். இந்த விஷயத்தை உலகத்தில் மிக ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று ஒரு தையல் தொழிற்சாலை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் இருந்த ஹார்வுட் கம்பெனி. பைஜாமா தைக்கும் கம்பெனி. அறுநூறு பேர் அளவுக்கு வேலை செய்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள், பீஸ் ரேட் கூலி. அதை நடத்திய ஆல்ஃபிரட் மாரோ, கர்ட் லூவின் என்ற உளவியலாளரை 1939ஆம் ஆண்டிலேயே தன் கம்பெனிக்கு அழைத்து வந்தவர். அவர்களுக்கு இருந்த தொல்லை உங்களுக்கு நன்றாகப் பழக்கமானது. வேலை முறையை மாற்றினால் போதும், உற்பத்தி விழும், முணுமுணுப்பு எழும், ஆட்கள் நின்றுவிடுவார்கள். உங்களுக்கு ஸ்டைல் மாறும் ஒவ்வொரு முறையும் நடப்பதுதானே இது?

லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த சோதனையை 1948ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அயர்ன் செய்பவர்களின் ஒரு குழுவுக்கு, அடுக்கும் முறை மாறுகிறது, புதிய பீஸ் ரேட் இது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். காரணத்தை விளக்கினார்கள், கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். நம்மில் நல்ல மேனேஜர்கள் என்று பெயரெடுத்தவர்கள் செய்வது அவ்வளவுதான். அந்தக் குழுவின் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. நாற்பது நாளுக்குள் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

செக்கிங் செய்யும் குழுக்களிடம் வேறு மாதிரி போனார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு உடுப்புகளைக் காட்டி, இவற்றில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு விலைக்கு விற்றது, விலை குறைந்தது எது என்று சொல்லுங்கள் என்றார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. அப்படியானால் செலவைக் குறைத்தே ஆக வேண்டும், எப்படிக் குறைக்கலாம் என்று அவர்களிடமே கேட்டார்கள். எந்த வேலை வீண், எதை எப்படி மாற்றலாம், ரேட் எப்படி இருக்க வேண்டும் என்று குழுவில் இருந்த ஒவ்வொருவரும் பேசினார்கள். வந்த யோசனைகளைக் குறிப்பெடுத்து முடிக்க முடியாமல் சுருக்கெழுத்தாளர் திணறினார் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழுக்களின் உற்பத்தி சில நாட்களில் பழைய நிலைக்கு வந்து, பிறகு அதைத் தாண்டி ஏறத்தாழ 14 சதவீதம் உயர்ந்தது. ஒருவர்கூட வேலையை விடவில்லை.

இதில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய பகுதி கடைசியில் வருகிறது. முதல் குழுவில், அதாவது உற்பத்தி விழுந்து முணுமுணுத்த அந்த அயர்ன் குழுவில், மிச்சம் இருந்தவர்களை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்று சேர்த்தார்கள். இந்த முறை வேறொரு வேலை மாற்றத்தை அவர்களோடு கலந்து பேசிச் செய்தார்கள். அவர்களும் வேகமாக எழுந்து, முன்பு எட்டாத அளவுக்கு உற்பத்தி கொடுத்தார்கள். அதே ஆட்கள். சோம்பேறிகள், நன்றி கெட்டவர்கள், பிடிவாதக்காரர்கள் என்று எந்த மேனேஜரும் எழுதித் தள்ளியிருக்கக்கூடிய அதே ஆட்கள். மாறியது நடத்தப்பட்ட முறை ஒன்றுதான். “இப்ப இருக்கற லேபருக்குப் பொறுப்பே இல்லீங்க” என்று நீங்கள் அடுத்த முறை சொல்லும்போது ஹார்வுட் அயர்ன் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்கா தூரம், அதுவும் பழைய காலம் என்றால், பெங்களூருக்கு வாருங்கள். அங்கே ஒரு பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் அச்யுத அத்வர்யு, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் தம் சக ஆய்வாளர்களோடு பல சோதனைகள் செய்திருக்கிறார்கள். ஒரு வருடம் எதிர்பார்த்த அளவுக்குக் கூலி உயரவில்லை. எல்லோருக்கும் ஏமாற்றம். அந்த நேரத்தில் சில தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெயர் சொல்லத் தேவையில்லாத கருத்துக் கேட்பு ஒன்றை நடத்தினார்கள். வேலை எப்படி இருக்கிறது, சூப்பர்வைசர் எப்படி நடத்துகிறார், கூலி போதுமா என்று கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது, கேட்கப்படாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. லீவு போடுவதும் குறைந்தது. இன்னொரு சோதனையில் பெண் தொழிலாளர்களுக்குப் பேசும் முறை, நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கலைத் தீர்ப்பது போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த ஆதாயம், போட்ட பணத்துக்கு 250 சதவீதத்துக்கும் மேல். எந்தப் புது மெஷின் உங்களுக்கு எட்டு மாதத்தில் இப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறது?

இரண்டாவது சோதனையில் ஒன்று என்னை உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உற்பத்தி அவ்வளவு கூடியும் அந்தப் பெண்களின் கூலி மிகச் சொற்பமாகவே உயர்ந்தது. இந்த மடலைப் படித்துவிட்டு, கூலி கொடுக்காமல் ஆளைத் தக்கவைக்க ஒரு மலிவான வழி கிடைத்தது என்று உங்களில் யாராவது எண்ணினால், நான் எழுதியது வீண். கேட்பது கூலிக்கு ஈடாகாது. கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த ரேட்டை லைனில் கொடுக்காத கம்பெனி, பிஎஃப் பிடித்துக் கட்டாத கம்பெனி, கழிப்பறைக்குப் போனால் நேரம் பார்க்கும் கம்பெனி, இவையெல்லாம் முதலில் அவற்றைச் சரிசெய்யட்டும். அதைச் செய்யாமல் கருத்துக் கேட்டால் ஜனங்களுக்குப் புரியாதா? முதல் முறை நம்பிச் சொல்வார்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் இரண்டாம் முறை உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

உங்களிடம் இன்னும் இரண்டு தயக்கங்கள் இருப்பது எனக்குத் தெரியும். “வாயைத் திறக்க விட்டா யூனியன் வந்துருமுங்க” என்பது ஒன்று. 1984ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டு இந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தத்தில் நின்றது. அதன் பிறகு வேலையைச் சிறு சிறு யூனிட்டாக உடைத்து, காண்ட்ராக்டர், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் என்று பிரித்துக் கொடுப்பது பெருகியது. தொழிலாளியின் குரல் உங்கள் ஆபீஸ் வரை வராமல் இருக்க இந்த ஏற்பாடு உதவியது, மறுக்கவில்லை. அந்தக் குரலோடு சேர்ந்து ஷேடு தப்பு என்ற செய்தியும் வராமல் போயிற்று என்பதுதான் நீங்கள் கொடுத்த விலை. இப்போது பையர் கேட்பது சிறிய ஆர்டர், அடிக்கடி ஸ்டைல் மாற்றம், குறைந்த நாளில் டெலிவரி. வாய் மூடிய லைனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. சங்கம் வைப்பது அவர்கள் உரிமை. பேசிப் பழகிய கம்பெனியில் சங்கம் வந்தாலும் பேச்சுதான் நடக்கும்.

மற்றொன்று, “ஹிந்திக்காரங்ககிட்ட என்னத்தைக் கேக்கறது, பாஷையே தெரியாது” என்பது. 2023 மார்ச் மாதத்தை மறந்துவிடாதீர்கள். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, அதிகாரிகளும் நீங்களும் எவ்வளவு சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது? ஒருவர் தன் செல்பேசியில் வந்த பொய்யையும் தன் முதலாளி சொல்லும் உண்மையையும் எடைபோடும் நேரம் அது. அதற்கு முன் ஒரு நாளாவது அவரிடம் பேசியிருந்த முதலாளியின் சொல்லுக்குத்தான் எடை இருந்திருக்கும். பையரிடம் பேச ஆங்கிலம் தெரிந்த மெர்ச்சண்டைசரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். விடுதியில் இருக்கும் இருநூறு பேரிடம் பேச ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவரை வைப்பது பெரிய செலவா?

சட்டமும் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஒரு பணிக்குழு வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இடம் இருந்தது. உங்களில் பலரிடம் குழுக்கள் இருக்கின்றன, நோட்டீஸ் போர்டில். பையர் ஆடிட்டுக்கு முந்தின நாள் புதிதாக ஒட்டும் காகிதத்தில். அதில் பெயர் இருக்கும் தொழிலாளியையே நான் கேட்டிருக்கிறேன், தான் அந்தக் குழுவில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆடிட்டருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூட்டம் நடந்ததாகப் பதிவேடு எழுதுவதற்கு ஆகும் நேரத்தில் கூட்டத்தையே நடத்திவிடலாம், முதலாளிமார்களே.

சூப்பர்வைசர்களை நான் குறை சொல்ல வரவில்லை. நன்றாகத் தைப்பவரைப் பிடித்து ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறீர்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று ஒரு மணி நேரம்கூட யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. மேலே நீங்கள் அவரிடம் கத்துவதை அவர் கீழே கத்துகிறார். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் அதுதான்.

உங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். இந்த ஊர் முதலாளிகளில் கணிசமானவர்கள் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்கள் என்பதையும், தங்கள் முதலீடே உழைப்புதான் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதையும் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். வேறு எந்தத் தொழில் நகரத்திலும் இப்படிச் சொல்லக்கூடிய முதலாளிகள் இவ்வளவு பேர் கிடைப்பது அரிது. நீங்களோ உங்கள் அப்பாவோ கட்டிங் டேபிளில் நின்றபோது, துணியை எப்படி மடித்தால் ஒரு பீஸ் கூடுதலாக விழும் என்று யோசித்தீர்கள். அன்றைய முதலாளியிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் காது கொடுத்தார், சிலருக்குக் கூட்டாளியாகவே சேர இடம் கொடுத்தார். அந்த யோசனையும் அந்தக் காதும்தான் இந்த ஊரை வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊராக வளர்த்தன. இன்று உங்கள் லைனில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலாளி ஆகும் வழி முன்போல் திறந்திருக்கவில்லை. இடத்தின் விலையும் மெஷின் விலையும் அவரை அண்டவிடா. அப்படியானால் அவர் மூளையை உங்கள் கம்பெனிக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும்? அதற்கான காரணத்தை நீங்கள்தான் உருவாக்கித் தர வேண்டும்.

உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு லைன் போதும். உங்கள் கம்பெனியில் ஏதாவது ஒரு லைனை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் நடத்திப் பாருங்கள்.

அந்த லைனில் புது ஸ்டைல் ஏறுவதற்கு முன் கால் மணி நேரம் மெஷினை நிறுத்துங்கள். சாம்பிளை அவர்கள் கையில் கொடுங்கள். எங்கே சிக்கல் வரும், எந்த வேலையை எதற்கு முன்னால் வைக்கலாம், மணிக்கு எவ்வளவு வரும் என்று அவர்களைச் சொல்ல விடுங்கள். ரேட்டை அங்கேயே, எல்லோர் முன்னாலும் பேசி முடியுங்கள். ஹார்வுட்டில் செய்தது போல ஆர்டரின் கணக்கையும் காட்டுங்கள். பையர் கொடுக்கும் விலையில் நூலுக்கு எவ்வளவு போகிறது, ஒரு பீஸ் டேமேஜ் ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தால் அவர்களுக்கு அந்தப் பீஸ் வெறும் பீஸாக இருக்காது.

தப்பைப் பார்த்தவர் லைனை நிறுத்தலாம் என்று அறிவியுங்கள். நிறுத்தியதற்காகத் திட்டோ பிடித்தமோ கிடையாது என்று சூப்பர்வைசர் முன்னிலையில் நீங்களே சொல்லுங்கள். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருந்த காலம் உண்டு. 1982ஆம் ஆண்டு அதை மூடினார்கள். டொயோட்டாவோடு சேர்ந்து 1984ஆம் ஆண்டு மறுபடி திறந்தபோது, பெரும்பாலும் அதே தொழிலாளர்களை, அதே சங்கத்தோடு எடுத்தார்கள். தப்பைக் கண்டால் இழுத்து லைனை நிறுத்த ஒரு கயிற்றை ஒவ்வொருவர் கைக்கும் எட்டும்படி கட்டினார்கள். வராதவர்கள் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இறங்கியது. உங்களுக்குக் கயிறுகூட வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

வாரத்துக்கு ஒரு நாள் அந்த லைன்காரர்களோடு உட்காருங்கள். காண்ட்ராக்டர் ஆளானாலும் சரி, உங்கள் ஆளானாலும் சரி. ஃபேன் ஓடவில்லை, ஊசி தரமாக இல்லை, பஸ் தாமதமாக வருகிறது, விடுதியில் சாப்பாடு சரியில்லை என்றுதான் முதலில் வரும். சின்ன விஷயமென்று தள்ளாதீர்கள். முடிந்ததை அடுத்த வாரத்துக்குள் முடித்துக் கொடுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று சொல்லுங்கள். யாராவது நின்றுவிட்டால், போன் போட்டு ஏன் என்று கேளுங்கள். திரும்பி வரச் சொல்வதற்காக அல்ல, காரணத்தைத் தெரிந்துகொள்வதற்காக.

இந்த மூன்று மாதமும் நான்கு கணக்குகளை மட்டும் எழுதி வையுங்கள்: எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் லீவு போட்டார்கள், எத்தனை பீஸ் ஆல்டருக்குப் போனது, மணிக்கு எவ்வளவு உற்பத்தி. பக்கத்து லைனின் கணக்கையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கை நம்புங்கள். அதை உங்கள் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாக வையுங்கள். ஆதாயம் வந்திருந்தால், அதில் ஒரு பங்கை அந்த லைனில் இருப்பவர்களின் சனிக்கிழமைக் கவரில் போட்டுக் கொடுங்கள். அது அவர்களுடைய பணம்.

வரும் திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும்போது மேனேஜரை அனுப்பாமல் நீங்களே அந்த லைனுக்குப் போங்கள். நெக் ரிப் வைப்பவரிடமிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
இந்தத் தொழிலில் உங்களோடு உழைத்தவன்